இரண்டு விரல் இடம்

தொளதொள டெய்லர் என்று கேட்டால் அந்தத் தெருவில் கைக்குழந்தைகூட வழி காட்டும். முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின், அதற்குப் பின்னால் பள்ளிச் சீருடைத் துணிகளை உருட்டி அடுக்கிய மரத்தட்டு, கதவில் அடித்த ஆணியில் தொங்கும் டேப். கடை அவ்வளவுதான். பள்ளி திறக்கும் சமயத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு முதல் வருஷம் தோள்பட்டை முழங்கைக்குப் பக்கத்தில் கிடக்கும். பிள்ளை அழும். "வளர்ற பிள்ளைதானே, அடுத்த வருஷம் சரியாயிடும்" என்று அம்மாக்காரி சிரிப்பாள். சரியாகிவிடும். உள்மடிப்பைப் பிரித்து விட்டால் அதற்கடுத்த வருஷமும் ஓடும். தொளதொள என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் அளவெடுப்பதைப் பார்க்க வேண்டும். டேப்பை மார்பில் சுற்றுவாள். சுற்றிய வேகத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இரண்டு விரல்தான் பிள்ளை வளர்வதற்கான இடம். அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அவளே நினைத்துப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. மூச்சு விடுவதை யாராவது யோசித்துக்கொண்டா செய்கிறார்கள்?

அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவள் அதைப் பேசுவதில்லை, நாமும் பேச வேண்டாம்.

புருஷன் லாரி டிரைவர். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். கல்யாணமான புதிதில் அவள் தைத்துக் கொடுத்த முதல் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர், "ஏம்மா, நான் இன்னும் வளருவேன்னு நினைச்சியா?" என்று கேட்டார். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தச் சட்டையைக் கிழிகிற வரை போட்டார். போடுகிறபோதெல்லாம் அதே கேள்விதான். பிறகு வந்த சட்டைகளுக்கும் அதே கேள்விதான்.

அந்த வாய்க்குப் பயந்து எந்தக் கிளீனரும் அவரோடு நிலைத்ததில்லை. நாலு நடை வருவான், ஐந்தாவது நடைக்கு ஆளைக் காணோம். கடைசியில் சரக்கு ஏற்றும் இடத்தில் குட்டியாக ஒண்டிக் கிடந்த ஒரு செம்பழுப்பு நாயைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டார். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். "இவன்தான் இனி கிளீனர். தூங்க மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான், பாதி வழியில ஓட மாட்டான்" என்றார். கிளீனர் என்ற பெயரே நின்றுவிட்டது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அது இறங்கி நின்று குரைக்குமாம். "வரலாம் வரலாம்னு சொல்றான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நம்பாதவர்களோடு சண்டைக்குப் போனார்.

அப்படிப்பட்ட மனிதரைப் பக்கவாதம் ஒரே அடியில் சாய்த்துவிட்டது. சரக்கு இறக்கும் இடத்திலேயே விழுந்தார். பிழைத்து வீட்டுக்கு வந்தபோது இடது கையும் இடது காலும் பேச்சுக் கேட்கவில்லை. நடக்கப் பயிற்சி கொடுக்க வந்தவரை வாயாலேயே வாசல் வரை விரட்டினார். பெண்டாட்டி கெஞ்சினாள், கோபித்தாள், பட்டினி கிடந்தாள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கிளீனர்தான் அவரை எழுப்பியது. ஒரு நாள் காலை அது தன் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு கட்டிலோரம் வந்து நின்றது. வண்டி எடுக்கும் நேரம் என்று அதற்கு நினைப்பு. அவர் திட்டினார். அது நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார், கட்டில் சட்டத்தைப் பிடித்தார், எழுந்தார்.

அன்றிலிருந்து தினமும் இருவரும் தெருமுனை டீக்கடை வரை போய்த் திரும்பினார்கள். ஒரு கையில் ஊன்றுகோல், இழுத்துக்கொண்டு வரும் இடது கையின் மணிக்கட்டில் நாயின் கயிறு. கிளீனர் நாலு அடி முன்னால் போகும், நிற்கும், தலையைத் திருப்பிப் பார்க்கும், அவர் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த நாலு அடி. மிஷினில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியே அவள் இதைத் தினமும் பார்த்தாள். பார்க்கும்போது மிஷின் மிதிக்கும் கால் தானாக நின்றுவிடும்.

"இந்த நடை மட்டும் நிக்கக் கூடாதும்மா. நின்னா அப்புறம் படுக்கைதான்" என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாய்க்கு மட்டும் அன்றிலிருந்து பாலில் பிஸ்கட் கூடுதலாக விழுந்தது.

ஒரு மத்தியானம் தெருவுக்குள் மணல் இறக்க ஒரு லாரி வந்தது. பிரேக்கின் காற்றுச் சத்தம் கேட்டதுதான் தாமதம், கட்டிலின் மேல் அவர் காலடியில் தூங்கிக்கொண்டிருந்த கிளீனர் ஒரே பாய்ச்சலாகக் கீழே குதித்தது. வீலென்று ஒரு சத்தம். அதன் பிறகு வலது பின்னங்காலைத் தரையில் வைக்கவே இல்லை.

"முட்டிக்குள்ள இருக்கற ஜவ்வு அறுந்துடுச்சும்மா," என்றார் கால்நடை டாக்டர். சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. "ஆபரேஷன் பண்ணலாம். ஆனா இவனுக்கு வயசாச்சு, இதயமும் சரியில்ல. மயக்க மருந்து குடுத்தா மறுபடி எந்திரிப்பானான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

"எந்திரிக்கலன்னா வீட்ல இன்னொருத்தரும் எந்திரிக்க மாட்டாரு டாக்டர்."

டாக்டர் நாயின் காலை மெல்ல நீட்டிப் பார்த்தார். "அப்ப முட்டிக்குத் தாங்கலா பிரேஸ் போடலாம். அந்த ஜவ்வு உள்ள செய்யற வேலையை இது வெளியில இருந்து செய்யும். எதையாவது வாங்கி மாட்டிடாதீங்க, பார்த்து எடுங்க" என்று, பிராணிகளுக்கான சாமான் விற்கும் கடை ஒன்றைச் சொல்லி அனுப்பினார்.

கிளீனரைத் தூக்கிக்கொண்டே போனாள். கடைக்காரர் மேஜை மேல் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று காலுறை போல இழுத்து மாட்டுவது, ரப்பர் கலந்த துணி. அவள் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். நல்ல தையல்தான். ஆனால் முட்டிக்குக் கதகதப்பாக இருக்குமே தவிர, அறுந்த ஜவ்வுக்கு அது போதாது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். இரண்டாவது கணுக்காலுக்கு உரியது, இவனுக்கோ அடி முட்டியில். மூன்றாவதில் இரண்டு பக்கமும் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, முட்டிக்கு நேராக ஒரு கீல், தொடையிலும் கீழ்க்காலிலும் இறுக்கிக் கட்டப் பட்டைகள். காலை மடக்க விடும், எலும்பை முன்னால் வழுக்க விடாது. ஆனால் ரெடிமேடாகக் கிடைக்காது, அளவு கொடுத்துச் செய்ய வேண்டும்.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"கீல் வச்சதுன்னா அதையே எடு," என்றார் டிரைவர். "ஸ்பிரிங் பட்டை உடைஞ்ச வண்டிக்குத் துணியைச் சுத்தியா ஓட்டுவாங்க? எப்ப வரும்னு கேளு. கிளீனர் இல்லாம வண்டி எடுக்க முடியாது."

அளவெடுக்கக் கடைக்காரர் குனிந்தார். கிளீனர் பல்லைக் காட்டியது. அவர் பின்வாங்கினார், மறுபடி வந்தார், மறுபடி உறுமல்.

"டேப்பை இப்படிக் குடுங்க சார். அளவெடுக்கறதுதான் எனக்குப் பொழப்பு."

"சரிம்மா. ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க. நாய்த் தொடை மேல அகலம், கீழ ஒடுக்கம். கொஞ்சம் லூசா இருந்தாலும் வழுக்கி இறங்கிடும். டேப் தோலைத் தொட்டுட்டே இருக்கணும்."

"தெரியும் சார்" என்றாள். நாற்பது வருஷமாக அளவெடுப்பவளுக்கு ஒருவர் சொல்லித் தருவதாவது! தரையில் மண்டியிட்டாள். கிளீனர் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. காலை ஊன்றாமலே இருந்ததில் தொடை வற்றிப்போய் எலும்பு கையில் தட்டியது. "பாவம்டா, இப்படி இளைச்சிட்டியே" என்று தடவிக் கொடுத்தாள். டேப்பைச் சுற்றினாள். எண்ணைச் சொன்னாள், கடைக்காரர் குறித்துக்கொண்டார். தொடை, முட்டி, கீழ்க்கால் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் இடது கையின் இரண்டு விரல்கள் டேப்புக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. கடைக்காரர் கண்ணிலும் படவில்லை. அவளுக்கோ அது கண்ணில் பட வேண்டிய விஷயமே இல்லை.

பிரேஸ் வரும் வரை வீட்டில் இரண்டு பேரும் படுத்துக் கிடந்தார்கள், ஒருவர் கட்டிலின் மேல், ஒன்று கீழே. நான் கூட வருகிறேன், முனை வரை போய் வரலாம் என்று அவள் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"நீ வந்தா நான் நடந்த மாதிரி இருக்காது, நீ என்னை இழுத்துட்டுப் போன மாதிரி இருக்கும். அவன் எழுந்திரிக்கட்டும்."

ஒவ்வொரு நாளும் அவர் கால் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருவது அவளுக்குத் தெரிந்தது. குளியலறைக்குப் போகக்கூட இப்போது சுவர் வேண்டியிருந்தது. அவளுக்குத் தைக்க ஓடவில்லை. வாசலில் எந்த வண்டி நின்றாலும் எட்டிப் பார்த்தாள்.

பெட்டி வந்த காலையில் டிரைவர் தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவள் பிரேஸை மாட்டினாள். நிற்கும்போது கச்சிதமாகத்தான் இருந்தது. கிளீனர் ஒரு அடி வைத்தது, பயந்து பார்த்தது, இன்னொரு அடி வைத்தது. அடிபட்ட கால் தரையில் பதிந்தது. டிரைவர் சின்னப் பிள்ளை மாதிரி தொடையில் தட்டிச் சிரித்தார். அடி வைக்கும்போது மேல்பட்டை கொஞ்சம் ஆடியதை அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பட்டையைக் கடைசி வரை இழுத்து ஒட்டினாள். "புதுசுல அப்படித்தான் இருக்கும், போடப் போடப் படிஞ்சிடும்" என்று வாய்விட்டே சொன்னாள். எத்தனை அம்மாக்களிடம் சொன்ன வார்த்தை அது!

"வண்டியை எடுக்கலாமா கிளீனர்?" என்றார் அவர்.

அவள் ஜன்னலுக்கு ஓடி வந்து மிஷினில் உட்கார்ந்தாள். கிளீனர் முன்னால், அவர் பின்னால். நாலு அடி போனது, நின்றது, திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துணியை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.

டீக்கடைக்கு முன்னால் இருக்கும் கழிவுநீர் மூடியருகே பிரேஸ் வழுக்கி இறங்கியது. அவிழ்ந்த காலுறை போலக் கணுக்காலில் போய் நின்று மற்றக் காலில் சிக்கியது. கிளீனர் அலறிக்கொண்டு பக்கவாட்டில் துள்ளியது. மணிக்கட்டில் மாட்டிய கயிறு அவரையும் சேர்த்து இழுத்தது. நடைபாதை விளிம்பில் இடுப்பு போய் மோதியது.

அவள் ஓடிப் போனபோது கிளீனர் அவர் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த வாய் சும்மா இருந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கு உயிரே போயிற்று.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பையில் கொண்டுவந்திருந்த பிரேஸை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பையைத் துழாவி டேப்பை எடுத்துப் பிரேஸின் உள்பக்கத்தை அளந்தாள். பிறகு டேப்பைத் தன் வலது மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தாள். இடது கை விரல்கள் இரண்டும் எப்போது உள்ளே போயின என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படியே கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அவருக்கு நினைவு தெளிந்ததும் மறைக்காமல் சொன்னாள். "நான்தாங்க. ரெண்டு விரல் விட்டு அளவெடுத்துட்டேன். என் புத்தி அப்படிப் போயிடுச்சு."

அவர் சீலிங்கைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கியது. சிரித்தால் இடுப்பு வலித்தது, வலித்தாலும் சிரிப்பு நிற்கவில்லை.

"கிழட்டு நாய்ம்மா அது. அதுவுமா வளரும்னு நினைச்சே?"

அவள் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வராத இடது கையை வலது கையால் தூக்கி அவள் தலை மேல் வைத்தார்.

"விடு. வண்டி ஆடுதுன்னு தெரிஞ்சும் எடுத்தது டிரைவர் தப்பு. அவனுக்குச் சரியா ஒண்ணு பண்ணு. நான் எழுந்ததும் போகணும்ல."

இந்த முறை அவள் டேப்பைத் தொடவில்லை. கால்நடை டாக்டரே கிளீனரின் காலில் ஈர மாவுக்கட்டுத் துணி சுற்றி அச்செடுத்து அனுப்பினார். வந்த பிரேஸ் தோலோடு தோலாக உட்கார்ந்தது, மயிரிழைகூட அசையவில்லை. கிளீனர் முதலில் வீட்டுக்குள் நடந்தது, பிறகு வாசல் வரை, பிறகு தெருவில். கூட்டிக்கொண்டு போனது அவள்தான். திரும்பி வந்ததும் அது கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு நேராகக் கட்டிலுக்குப் போகும். நான் தயார், நீ ஏன் இன்னும் படுத்திருக்கிறாய் என்ற கேள்விதான் அதன் முகத்தில் இருக்கும்.

"இன்னிக்கு ரெஸ்ட்டுடா. நாளைக்கு லோடு இருக்கு" என்பார் அவர்.

நாளை வரவில்லை. கம்பி வைத்த எலும்பு சேர்ந்தது, உடம்பு சேரவில்லை. நாய்க்கு ஏறிய பலம் அவரிடமிருந்து இறங்கிப் போவது போல இருந்தது. சட்டைக்குள் தோள் எலும்பு துருத்தியது. ஏற்கெனவே தொளதொள, இப்போது கேட்க வேண்டுமா? ஒரு நாள் அவள் அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்துவந்து மிஷினில் வைத்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் பிரித்து விட்டுக் கொடுத்தவள், பிடித்துத் தைக்க உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மிஷின் சத்தம் கேட்டுக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"என்ன தைக்கற?"

"உங்க சட்டைதாங்க. கொஞ்சம் பிடிச்சு விடறேன்."

"பிடிக்காத," என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை. "அப்படியே விட்டு வை. எனக்கு உடம்பு திரும்பவும் வரும்ல."

அவள் போட்ட நாலு தையலையும் பிரித்துவிட்டாள். பிரிக்கும்போது நூல் கண்ணுக்குத் தெரியவில்லை.

மழை நாட்களில் நெஞ்சில் சளி கட்டியது. படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்றார்கள். போகும்போது அவர் உடம்பில் இருந்தது அந்தத் தொளதொள சட்டைதான். கிளீனர் கயிற்றைக் கவ்விக்கொண்டு கட்டிலோரம் நின்றது. அதன் வாயிலிருந்து கயிற்றை எடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு அளவெடுக்க யாராவது வந்தால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கையாலேயே டேப்பைப் பிடித்தாள். அந்த வருஷம் பிள்ளைகளுக்குச் சட்டை கச்சிதமாக இருந்தது. "என்னக்கா, இது ஆறு மாசம்கூடத் தாங்காதே" என்று அம்மாக்கள் குறைப்பட்டார்கள். அவள் டேப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். நாயை மட்டும் நாள் தவறாமல் நடத்திக் கூட்டிப் போனாள். அவர் விட்டுப்போன வேலை அது, வேறு எதற்காகவும் இல்லை.

ஒரு நாள் பிரேஸைக் கழற்றும்போது தொடையில் பட்டை அழுந்திய தடம் சிவப்பாகத் தெரிந்தது. மறுநாள் தடம் இன்னும் ஆழமாக இருந்தது. வீங்கிவிட்டதோ என்று பயந்துபோனாள். தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் இரண்டு தொடையையும் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். "வீக்கம் இல்லம்மா, சதை. வத்திப் போயிருந்த தொடை நல்லா வளர்ந்துடுச்சு. இது இனிமே பத்தாது, கொஞ்சம் பெருசா ஒண்ணு வேணும்."

"என்னது டாக்டர்?"

"கால் வளர்ந்துடுச்சும்மா."

அவள் வீட்டுக்கு வந்து மிஷினின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். கந்தல் துணிக்கு அடியில் அந்த முதல் பிரேஸ் கிடந்தது. தூக்கிப் போடவும் மனம் வராமல், கண்ணால் பார்க்கவும் மனம் வராமல் அங்கே திணித்து வைத்திருந்தாள். எடுத்துத் தூசியைத் துடைத்தாள். கிளீனரின் காலில் மாட்டிப் பட்டையை ஒட்டினாள். இடது கையை முன்னால் கொண்டுவந்து பட்டைக்கும் தொடைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல்கூடப் போகவில்லை. அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். கிளீனர் நடந்தது. நாலு காலும் ஊன்றி, அந்தக் காலத்தில் நடந்த மாதிரியே நடந்தது. பிரேஸ் அசையவில்லை. டீக்கடைக்கு முன்னால் அந்தக் கழிவுநீர் மூடியருகே வந்ததும் நின்று தலையைத் திருப்பியது. அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வந்த வழியைப் பார்த்தது. பின்தங்கிவிட்டவர் வந்து சேரட்டும் என்று காத்திருந்தது.

அவளும் திரும்பிப் பார்த்தாள். பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"வளர்ந்துட்டான்ங்க அவன்," என்றாள், வெறும் தெருவைப் பார்த்து. "சரியாத்தான் இருக்கு. நீங்கதான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கிளீனர் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.